கர்ண பரம்பரையின் சாட்சியம்

மாசி மகத்தன்று அண்ணாமலையார் தமது ஆலயத்தை விட்டுப் புறப்பட்டு, திருவண்ணாமலைக்கு அருகிலுள்ள பள்ளிகொண்டாப்பட்டு என்னும் சிற்றூருக்கு எழுந்தருள்கிறார். வேட்டைக்கன்று, கல்யாணத்துக்கன்று, திதி கொடுப்பதற்காக. இறந்துபோன தந்தைக்கு மகன் செய்ய வேண்டிய கடனைக் கௌதம நதிக்கரையில் செய்து முடித்து மலைக்குத் திரும்புகிறார். அந்தத் தந்தை வல்லாள மகாராஜன். தைப்பூசத்தன்று தீர்த்தவாரி முடிந்து வரும்போதே அரசன் மடிந்த செய்தி சுவாமிக்கு அறிவிக்கப்படுகிறது. அன்று மேளமும் தாளமும் இல்லாமல் சுவாமி கோயிலுக்குத் திரும்புகிறார். கடவுளருடைய ஊடலையும் கூடலையும் நமது ஆலயங்களில் பல இடங்களில் பார்க்கிறோம். ஒரு மனிதனுக்காகக் கடவுள் துக்கம் காப்பதை எளிதில் பார்ப்பதற்கில்லை.

இவ்வாண்டு அந்த ஆற்றங்கரைக்கு நாமும் சென்றிருந்தோம். கரையோரத்து மரநிழலில் ஒரு முதியவள் பேரக் குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நம்முடன் வந்த நண்பர் சரித்திரம் நன்கு கற்றவர். சிறிது நேரம் கேட்டுவிட்டு, "வல்லாளனுக்குப் பிள்ளை இருந்தான் ஐயா, கல்வெட்டு இருக்கிறது. இதெல்லாம் கர்ண பரம்பரை" என்று சொல்லி நகர்ந்துவிட்டார். அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அந்தக் 'கர்ண பரம்பரை' என்ற சொல்லை அவர் உச்சரித்த விதந்தான் இன்று இதை எழுதும்படி நம்மைத் தூண்டியது. நாமும் அவரைப் போலவே ஆங்கிலப் படிப்பில் வளர்ந்தவர்கள். நாமும் அந்தச் சொல்லை அதே குரலில் பல ஆண்டுகள் உச்சரித்தவர்கள்.

கதையை அறியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். வல்லாள மகாராஜனுக்கு மல்லமா தேவி, சல்லமா தேவி என்று இரண்டு மனைவியர். பிள்ளையில்லை. கேட்டவர்க்கு இல்லையென்று சொல்லுவதில்லை என்பது அவன் விரதம். அவனைச் சோதிக்கச் சிவபெருமான் ஜங்கமராக வேடம் பூண்டு வந்து, அன்றிரவு தமக்கு ஒரு பெண் வேண்டும் என்று கேட்டார். ஊரிலுள்ள தாசியர் அனைவரையும் அவருடைய பரிவாரத்தாரே முன்னதாக அமர்த்திக்கொண்டு விட்டனர். அரசன் சொல் தவறும் நிலை வந்தபோது இளைய ராணி சல்லமா தேவி தானே முன்வந்தாள். உறங்குபவர் போல் கிடந்த ஜங்கமரை அவள் தொட்டதும் அவர் கைக்குழந்தையாகி அழுதார். அரசன் ஓடிவந்து எடுக்கும்போது குழந்தை மறைந்தது. 'உனக்கு நாமே மகனாவோம். உன் கடனை நாமே செய்வோம்' என்று இறைவன் வாக்களித்தார். எல்லப்ப நாவலரின் அருணாசல புராணத்தில் இக்கதை ஒரு சருக்கமாகவே இருக்கிறது. கோயிலில் வல்லாள கோபுரம் என்று ஒரு கோபுரம் உண்டு. அதிலே அரசனுடைய உருவமும் உண்டு.

மனைவியைக் கொடுத்தல் என்ற இந்தக் கட்டம் இன்று படிப்பவர் மனத்தை உறுத்தாமலிராது. இயற்பகை நாயனார் கதையிலும் இவ்வுறுத்தல் உண்டு. நமக்கும் அது உண்டு, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் மரநிழலில் கதை சொன்ன கிழவி அவ்விடத்தில் அரசனுடைய விரதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ராணி வாசற்படியில் எவ்வளவு நேரம் நின்றாள் என்பதையே சொல்லிக்கொண்டிருந்தாள். விளக்கில் எண்ணெய் குறைந்தது; திரி கருகியது; அவள் இன்னும் படியைத் தாண்டவில்லை என்றாள். புராணம் பாடிய புலவர் அரசனுடன் நின்றார். இவள் ராணியுடன் நிற்கிறாள். கதை ஒன்றுதான், நின்று பார்த்த இடம் வேறு.

இனிச் சரித்திரத்தைப் பார்ப்போம். கதையிலுள்ள வல்லாளன் ஹொய்சள வம்சத்து மூன்றாம் வீர வல்லாளன். 1292 முதல் 1342 வரை ஐம்பது ஆண்டுகள் அரசாண்டவன். மாலிக் காபூரின் படை 1311-இல் துவாரசமுத்திரத்தை அடைந்தது. அதன் பின்னும் தில்லிப் படைகளின் தொல்லை ஓயாமையால் அவன் தெற்கே நகர்ந்து, திருவண்ணாமலையைத் தன் தலைநகரங்களில் ஒன்றாக்கிக்கொண்டான். மதுரையில் சுல்தான்களின் ஆட்சி தோன்றியபோது, வயது எண்பதை எட்டிய நிலையிலும் அவர்களை எதிர்த்துப் போருக்குச் சென்றான். ஸ்ரீரங்கத்துக்கு அருகிலுள்ள கண்ணனூர்க் கொப்பத்தை முற்றுகையிட்டு, வெற்றி கைக்கெட்டும் தறுவாயில் ஏமாற்றப்பட்டுச் சிறைப்பட்டான். அவனைக் கொன்று, தோலை உரித்து, வைக்கோல் அடைத்து, மதுரை மதில்மேல் தொங்கவிட்டார்கள். அது அங்கே தொங்கியதைத் தாம் கண்டதாக இபன் பதூதா என்ற மொராக்கோ நாட்டு யாத்திரிகர் தம்முடைய பிரயாண நூலில் எழுதியிருக்கிறார். வல்லாளனுக்குப் பின் விரூபாக்ஷ வல்லாளன் என்ற அவன் மகன் சிறிது காலம் பட்டம் தரித்தான். ஆகவே 'பிள்ளையில்லாத அரசன்' என்ற கதை சரித்திரத்துக்கு மாறானது என்பது தெளிவு.

ஆயினும் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்க்கு ஒன்று புலப்படாமற் போகாது. அந்த அரசனுக்கு மகன் இருந்தான். ஆனால் மகன் கையில் கிடைக்க உடல் இல்லை. கொள்ளி வைக்கவும், எலும்பு பொறுக்கவும், ஆற்றில் கரைக்கவும் ஒன்றும் மலைக்குத் திரும்பி வரவில்லை. ஐம்பது ஆண்டு ஆண்டவனுக்கு ஈமக்கடன் நடக்கவில்லை என்ற குறை அவன் குடிகளின் நெஞ்சில் எப்படி இருந்திருக்கும்? அந்தக் குறையை எழுத ஒரு கல்வெட்டும் இல்லை. வெற்றிகளையும் தானங்களையும் எழுதும் கல், அவமானத்தை எழுதாது. ஊரார் எழுதிக்கொண்டது இந்தக் கதையைத்தான் என்று நமக்குத் தோன்றுகிறது. மனித மகனால் செய்ய முடியாமற் போனதைக் கடவுள் மகனாகி ஆண்டுதோறும் செய்யும்படி அவர்கள் ஏற்பாடு செய்துவிட்டார்கள். மதுரை மதில் இடிந்து போயிற்று. அதில் அவனைத் தொங்கவிட்ட சுல்தானின் பெயரைத் தேடிப் படிப்பவர் சிலரே. வல்லாளனுக்குத் திதி ஏறத்தாழ அறுநூற்றெண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நடக்கிறது. இது நமது ஊகம். இதற்கு ஓலை ஆதாரம் கேட்பவர்க்குக் காட்ட நம்மிடம் ஒன்றுமில்லை.

வழக்குரைஞர்களாகிய நமக்குக் கேள்விச் சாட்சியத்தின்மேல் இயல்பாகவே ஒரு வெறுப்பு உண்டு. தான் கண்டதைத்தான் சாட்சி சொல்லவேண்டும். பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்லலாகாது என்பது நமது முதற்பாடம். ஆனால் அதே 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 32-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. கூண்டுக்கு அழைக்க இயலாதவர்களும் இறந்துபோனவர்களும் முன்னே சொன்ன சொல்லை எந்தெந்த விஷயங்களில் ஏற்கலாம் என்று அது கூறும். ஊர் வழக்கம் பற்றிய அபிப்பிராயம், பொது உரிமை, குடும்ப உறவு முதலியவை அதில் அடக்கம். அதன் எட்டாவது உட்பிரிவை நாம் மாணவர்களாக இருந்தபோது பரீட்சைக்காக உருப்போட்டோமே தவிர, சிந்தித்ததில்லை. பலர் கூடிச் சொன்ன சொல், அவர்கள் மனத்தில் எழுந்த உணர்ச்சியை வெளியிடுவதாக இருந்தால், அதுவும் சாட்சியமாகும் என்பது அதன் பொருள். சட்டமே ஓர் உதாரணமும் கொடுக்கிறது. கடை ஜன்னலில் ஒருவரைக் கேலி செய்யும் சித்திரம் வைக்கப்பட்டிருக்கிறது. அது அவரைத்தான் குறிக்கிறதா, அவதூறானதா என்பது வழக்கு. ஜன்னலுக்கு முன் கூடி நின்ற கூட்டத்தார் அதைப் பார்த்து என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை நிரூபிக்க இடமுண்டு. 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் பாரதீய சாக்ஷ்ய அதிநியமம் அமலுக்கு வந்துவிட்டது. அதிலும் 26-ஆவது பிரிவில் இந்த விதி அப்படியே நிற்கிறது.

நாட்டுக் கதையை ஏற்பதற்கு இதைவிடச் சிறந்த விதி நமக்குத் தெரியவில்லை. கிழவி சொன்னது வல்லாளனுக்கு மகன் உண்டா இல்லையா என்பதற்குச் சாட்சியமன்று. அவனை அவன் நாட்டார் எப்படி நினைத்தார்கள் என்பதற்குச் சாட்சியம். ஜன்னலுக்கு முன் நின்ற கூட்டத்தின் பேச்சு அது.

இது திருவண்ணாமலைக்கு மட்டும் உரிய விசேஷமுமன்று. கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் செஞ்சிக்கோட்டை இருக்கிறது. 1714-இல் அங்கே தேஜ்சிங் என்ற புந்தேல ராஜபுத்திர வாலிபன் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மறுத்துப் போரில் மாண்டான். அவன் ஆண்டது சில மாதங்கள். அவன் பேசியது தமிழன்று. கோட்டையைப் பிடித்தவன் நவாபு. பாட்டைப் பிடித்துக்கொண்டவன் தோற்ற தேசிங்கு ராஜன். கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து வந்து தோழனுக்காக உயிர்விட்ட முகம்மதுகானுக்கும் அப்பாட்டில் தேசிங்குக்குச் சமமாகவே கண்ணீர் உண்டு. ஹொய்சளன் கன்னடநாட்டு வம்சத்தான், தேசிங்கு வடநாட்டான், முகம்மதுகான் முஸ்லிம். மூவரையும் நமது ஜனங்கள் தம்மவராக எடுத்துக்கொண்டார்கள். தேச ஒற்றுமையைப் பற்றி மேடைகளில் நாம் செய்யும் பிரசங்கங்கள் இந்தப் பாட்டுகளுக்குப் பிந்தியவை.

'சரி, உணர்ச்சி இருக்கிறது, இலக்கியம் எங்கே?' என்று வித்துவான்கள் கேட்கக்கூடும். அவர்களுக்குத் திருவண்ணாமலையே விடை சொல்லும். மாணிக்கவாசகர் இத்தலத்தில் அருளியவை என்று மரபு கூறுவன திருவெம்பாவையும் திருவம்மானையும். அம்மானை என்பது என்ன? பெண்கள் காய்களை மேலே எறிந்து பிடித்துக்கொண்டு, ஒருத்தி கேட்க ஒருத்தி விடை சொல்லப் பாடும் விளையாட்டு. திருவாசகத்தில் உந்தியும் உண்டு, சாழலும் உண்டு, தெள்ளேணமும் உண்டு, பொன்னூசலும் உண்டு, சுண்ணம் இடிக்கும் பாட்டும் உண்டு. இவை எல்லாம் தெருவிலும் முற்றத்திலும் பாடப்பட்டவை. திருவாசகம் பெற்ற பெருமையில் அந்த முற்றத்துப் பெண்களுக்குப் பங்கு உண்டு. அவர்களுக்கும் முன்னே இளங்கோவடிகள் வள்ளைப் பாட்டையும் அம்மானை வரியையும் ஊசல் வரியையும் காப்பியத்துள் ஏற்றி வைத்தார். தொல்காப்பியர் செய்யுளின் வகைகளை எண்ணும்போது வாய்மொழியையும் பிசியையும் முதுசொல்லையும் நூலோடு ஒரே வரிசையில் நிறுத்தினார். விடுகதையை இலக்கண ஆசிரியன் இலக்கியமென்று ஒப்புக்கொண்ட பாஷை நம்முடையது. இதை மறந்தவர்கள் நாம். ஆங்கிலேயன் மறக்கச் செய்தான் என்று பழியை அவன்மேல் போட்டுத் தப்புவதற்கில்லை. சார்லஸ் கோவர் என்ற ஆங்கிலேயர் 1871-இல் தென்னிந்திய நாட்டுப் பாடல்களைப் புத்தகமாக வெளியிட்டபோது, நமது பண்டிதர்கள் பலர் அந்தத் திசையைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவர் நாட்டுப் பாடலென்று சேர்த்தவற்றுள் தாசர் பதங்களும் திருக்குறளும் கலந்திருப்பது வேறு விஷயம்.

நாட்டார் பாடல்களைப் பாடியவர் பெயர் நிற்காமற் போனதும் ஒரு வேடிக்கை. அல்லி அரசாணி மாலை போன்ற கதைப்பாட்டுகளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு விற்றவர்கள் அவற்றின் தலையில் புகழேந்திப் புலவர் பெயரை எழுதிவிட்டார்கள். நளவெண்பாப் பாடிய புலவர் இவ்வளவு பாரத்தைச் சுமக்க நேர்ந்தது, பாடினவர் பெயரை ஒருவரும் கேட்டு வைக்காத குற்றத்தினால்தான்.

இவ்விஷயத்தில் நமக்குப் பாடம் கற்பிக்கக்கூடிய அயல் நாடு ஒன்று உண்டு. உத்கல நாடு, இன்று ஒடிஸா என்று வழங்குவது. தமிழருக்கும் ஒடியருக்கும் உள்ள பழைய தொடர்பு அவ்வளவு இனியதன்று. 1460-களில் கபிலேந்திர தேவனின் படைகள் தென்னார்க்காடு வரை இறங்கி வந்தன; அந்த அல்லலை இப்பகுதிக் கல்வெட்டுகள் 'ஒட்டியன் கலபை' என்று குறிக்கின்றன. கலபை என்றால் கலகம், குழப்பம். நம் கல்லில் எஞ்சியது அந்த ஒரு சொல். ஒடியர் வாயில் எஞ்சியதோ ஒரு கதை. அதில் கெட்டவர்கள் நாம். வாசகர்கள் கோபிக்காமல் கேட்க வேண்டும்.

கபிலேந்திரனின் மகன் புருஷோத்தம தேவன் காஞ்சி அரசன் மகள் பத்மாவதியை மணக்க விரும்பினான். பூரியில் ரத யாத்திரையன்று ஜகந்நாதர் தேரைத் துடைப்பத்தால் பெருக்குவது அந்நாட்டு அரசனுடைய கடமை. 'தெருப் பெருக்குகிறவனுக்குப் பெண் தரமாட்டேன்' என்று காஞ்சி அரசன் இகழ்ந்தான். புருஷோத்தமன் படையெடுத்துத் தோற்றான்; ஜகந்நாதரிடம் முறையிட்டு இரண்டாம் முறை புறப்பட்டான். அவனுக்கு முன்னே வெள்ளைக் குதிரையிலும் கறுப்புக் குதிரையிலுமாக இரண்டு வீரர்கள் போனார்கள். சிலிகா ஏரிக்கரையில் மாணிகா என்ற இடைச்சியிடம் மோர் வாங்கிக் குடித்தார்கள், கையில் காசில்லை. ஒரு மோதிரத்தைக் கொடுத்து, 'பின்னால் அரசன் வருவான், அவனிடம் காட்டிப் பணம் வாங்கிக்கொள்' என்று சொல்லிப் போனார்கள். மோதிரத்தைப் பார்த்த அரசன் முன்னே போகிறவர்கள் ஜகந்நாதரும் பலபத்திரரும் என்று தெரிந்துகொண்டான். காஞ்சி வீழ்ந்தது. சிறைப்பட்டு வந்த பத்மாவதியை ஒரு தெருப் பெருக்குபவனுக்கே கட்டிக்கொடு என்று அரசன் மந்திரிக்கு உத்தரவிட்டான். புத்திசாலியான மந்திரி அடுத்த ரத யாத்திரை வரை காத்திருந்து, அரசன் துடைப்பத்துடன் தேர்மேல் நிற்கும்போது பெண்ணை அழைத்து வந்து, 'இதோ பெருக்குபவன்' என்று ஒப்படைத்தான்.

இக்கதையைப் பாடிய கவிஞரும் நாடகமாக்கியவரும் பின்னே வந்தார்கள். கதையின் உயிரோ அந்த இடைச்சி. ஏரிக்கரை ஊராகிய மாணிகபட்டணம் அவள் பெயரால் வழங்குகிறது என்பது அந்நாட்டார் நம்பிக்கை. காஞ்சியை வென்ற பெருமையில் தயிர்ப்பானைக்காரி ஒருத்திக்குப் பங்கு வைக்காமல் கதை மேலே செல்லவில்லை. அங்கே கடவுள் அரசனுக்குச் சிப்பாயானார், இங்கே மகனானார். அங்கே கடன்பட்ட மோர். இங்கே பித்ரு கடன். இரு நாட்டுக் கிழவிகளும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே தறியில் நெய்தவர்கள் போலத் தோன்றுகிறது.

இன்னொரு ஜோடியையும் சொல்லத் தோன்றுகிறது. புரட்டாசிக்குச் சற்று முன்பின்னாக வரும் பாத்ரபத மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒடியச் சிறுமியர் மங்களா தேவிக்குக் குருணை அரிசி படைத்து, தஅபோயி என்ற பெண்ணின் கதையைக் கேட்கிறார்கள். ஏழு அண்ணன்மார்க்கு ஒரே தங்கை. அண்ணன்மார் மரக்கலமேறி வாணிபத்துக்குப் போய்விட, அண்ணிமார் அவளை ஆடு மேய்க்க விடுகிறார்கள். அவள் படும் பாடு சொல்லி முடியாது. கடைசியில் கப்பல்கள் திரும்புகின்றன, தங்கை காப்பாற்றப்படுகிறாள். தமிழில் இதற்கு நேரானது நல்லதங்காள் கதை. பஞ்சத்துக்குப் பயந்து ஏழு குழந்தைகளுடன் பிறந்தகம் வந்தவளை அண்ணி மூளி அலங்காரி வாட்டுகிறாள். அண்ணன் நல்லதம்பி வந்து சேருமுன் குழந்தைகளைக் கிணற்றில் எறிந்து தானும் விழுகிறாள். அங்கே கப்பல் நேரத்துக்கு வந்தது. இங்கே அண்ணன் நேரம் தாழ்த்தினான். கடல் வாணிபத்தால் வாழ்ந்த கரைநாட்டின் கதை ஒன்று. வானம் பொய்த்த மேட்டு நிலத்தின் கதை மற்றொன்று. இரு நாட்டு வாழ்வின் வேறுபாட்டை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன சரித்திர நூலை நாம் படித்ததில்லை.

ஒடியர் தம் வாய்மொழியைத் தேடத் தொடங்கியபோது அப்பணியில் முன்னின்றவருள் ஒருவர் நமது தொழிலைச் சேர்ந்தவர் என்பதை எண்ணுகையில் நமக்குப் பெருமையும் வெட்கமும் ஒருங்கே உண்டாகின்றன. கோபால சந்திர பிரஹராஜ் கட்டாக்கில் வக்கீல். நாட்டுக் கதைகளைத் தொகுத்தார். 1931 முதல் 1940 வரை ஏழு பாகங்களாக 'பூர்ணசந்திர ஒடியா பாஷாகோசம்' என்ற பேரகராதியை வெளியிட்டார். ஏறத்தாழ 1,85,000 சொற்கள் கொண்ட அந்நூலில் குடியானவன் பேச்சும் மீனவன் பேச்சும் கிடக்கின்றன. பாஷையை அடிப்படையாகக் கொண்டு 1936-இல் தனி மாகாணம் பெற்ற நாடு அது. மாகாணம் கேட்டவர்கள் சொற்களையும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். குஞ்ச விஹாரி தாஸ் போன்றவர்கள் பின்னர் கிராமப் பாடல்களைத் திரட்டினார்கள்.

தமிழ்நாட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லுவது அநியாயம். நடேச சாஸ்திரியார் 19-ஆம் நூற்றாண்டிலேயே கதைகளைத் தொகுத்தார். மு. அருணாசலம் 1943-இல் 'காற்றிலே மிதந்த கவிதை'யைக் கொண்டுவந்தார். பெர்சி மக்வீன் என்ற ஆங்கில அதிகாரி சேர்த்த பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் 'மலையருவி'யாக்கினார். நா. வானமாமலை கட்டபொம்மன் கதைப்பாடலையும் கான்சாகிபு சண்டையையும் ஒழுங்காகப் பதிப்பித்தார். கரிசல் நாட்டுக்குக் கி. ராஜநாராயணன் கிடைத்தார். திருவண்ணாமலை ஜில்லாவுக்கோ செய்யாற்றுப் பக்கத்துப் புரிசைக் கூத்தர்கள் இருந்ததனால் மானம் தப்பியது. ந. முத்துசாமி போன்றவர்கள் நடேசத் தம்பிரானின் கூத்தைக் கண்டு எழுதிய பிறகே பட்டணவாசிகளுக்குத் தெருக்கூத்து என்ற கலை கண்ணில் பட்டது. திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாகப் பல நாட்கள் நடந்து, படுகளத்தில் மண்ணாலான துரியோதனன் வீழ்வதைப் பார்த்தவர்களுக்கு, எழுத்தறியாத ஜனங்கள் வியாசரை எவ்வளவு நுணுக்கமாக வாதித்துப் படித்திருக்கிறார்கள் என்பது விளங்கும்.

ஆனால் கூத்துக்கு மேடையும் விளக்கும் உண்டு. பார்க்க நாலு பேர் வருவார்கள். மரநிழலில் கதை சொல்லும் கிழவிக்கு என்ன உண்டு? பேரக் குழந்தைகளில் பெரியவன் கைப்பேசியில் தலை கவிழ்ந்திருந்தான். அவனை நாம் குறை கூறத் துணியோம். ஏனெனில் அந்த வயதில் நாம் செய்தது அதைவிடப் பெரிய அபசாரம். நமது பாட்டியார் நல்லதங்காள் கதையைச் சொல்லும்போது, கிணற்றங்கரைக்கு முன்னால் மூளி அலங்காரி தனியே நின்று ஏதோ ஒன்று பேசுவாள். அந்தப் பேச்சு வரும்போது பாட்டியாரின் குரல் மாறும். கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். நாம் சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் காலமானார். பிற்பாடு அந்தக் கதையின் அச்சுப் பிரதிகளை வாங்கிப் பார்த்தோம். அந்தப் பேச்சு நாம் பார்த்த எதிலும் இல்லை. கெட்ட அண்ணி தன் பக்கத்து நியாயத்தைச் சொன்ன பேச்சாக அது இருந்திருக்கலாம். பஞ்ச காலத்தில் தன் வீட்டுக் குதிர் காலியாவதைப் பார்த்தவளின் பேச்சாக இருந்திருக்கலாம். நமக்கு ஒரு வார்த்தையும் நினைவில் இல்லை. கல்லூரி விடுமுறைகளில் எவ்வளவோ நாட்கள் அவர் அருகிலேயே இருந்தோம்; காகிதமும் பேனாவும் கையிலேயே இருந்தன.

எழுதிக்கொள்வதிலும் ஒரு முறை உண்டு. கச்சேரியில் சாட்சி சொல்லும் குடியானவன் 'அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான்' என்று சொல்ல, குமாஸ்தா 'எதிரி என்னை அச்சுறுத்தினான்' என்று எழுதிக்கொள்வதை நாம் நாள்தோறும் காண்கிறோம். சாட்சியின் சொல் போய்விட்டது. குமாஸ்தாவின் சொல் நின்றுவிட்டது. நாட்டுக் கதைகளைச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் இந்தக் குமாஸ்தாக்களே. இழிசொல்லை நீக்குகிறார்கள்; சந்தி சேர்க்கிறார்கள்; கதையின் முடிவில் ஒரு நீதியை வைத்துத் தைக்கிறார்கள். 'வாசற்படியில் நின்றாள், திரி கருகியது' என்பது அவர்கள் கையில் 'அரசி சற்றே தயங்கினாள்' என்று ஆகிவிடும். இக்காலத்தில் கைப்பேசியிலேயே குரலைப் பதிவு செய்துவிடலாம் என்பது மெய். ஆனால் யார் சொன்னது, எந்த ஊர், எந்தச் சமயத்தில், அவருக்கு யார் சொன்னார்கள் என்ற நான்கு விவரமும் இல்லாத பதிவு, கையெழுத்தில்லாத வாக்குமூலத்துக்கு ஒப்பானது. சொன்னவர் பெயரை அவர் சம்மதத்துடன் எழுதவேண்டும். புகழேந்திக்கு நேர்ந்தது இன்னொரு முறை நேரலாகாது. கூலியும் கொடுக்கவேண்டும். ஒரு நாள் களையெடுப்பை விட்டுவிட்டு நமக்குக் கதை சொல்லுகிறவளிடம் கலைத்தொண்டைப் பற்றிப் பேசுவது படித்தவர்களுக்கு அழகன்று.

வல்லாளன் கதை சருக்கமாக அச்சில் இருக்கிறதே, போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. உற்சவமும் நிற்கப்போவதில்லை, வரும் மாசியிலும் அண்ணாமலையார் ஆற்றுக்குப் போவார். ஆனால் ராணியுடன் நின்று அதைப் பார்த்தவள் சொல்லுவது நின்றுபோனால், அரசனுடன் நின்று பார்த்தவர் பாடியது மட்டுமே மிஞ்சும். ஒரு பக்கத்துச் சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்பெழுதும் நீதிபதியை எந்த மேல்கோர்ட்டும் மன்னிப்பதில்லை.

அன்று மாலை வரை இருந்து அவள் சொன்னதைச் சொன்னபடியே பதினொரு பக்கம் எழுதி வந்திருக்கிறோம். தன் பெயரைப் போடவேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. ஊர்ப் பெயரும் அவளுக்குக் கதை சொன்ன அத்தையின் ஊர்ப் பெயரும் நமது குறிப்பில் உள்ளன. அதில் மூன்று சொற்களுக்கு நமக்குப் பொருள் விளங்கவில்லை, அகராதிகளிலும் அகப்படவில்லை. செங்கம், போளூர், கலசப்பாக்கம், திருக்கோவலூர்ப் பக்கங்களில் வல்லாளன் கதையை வேறு விதமாகக் கேட்ட அன்பர்கள் இருப்பார்களானால், கேட்டதைக் கேட்டபடியே, சொன்னவர் பெயரும் ஊரும் சேர்த்து நமக்கு எழுதக் கோருகிறோம். சல்லமா தேவி படியைத் தாண்டுமுன் என்ன சொன்னாள் என்பது அவர்கள் கதையில் இருந்தால், அதை முதலில் எழுதி அனுப்பட்டும்.